கையெழுத்துப் போட்டவர்களுக்கு: குமரி மாவட்ட முன்னாள் விமானப்படையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பெரியவர்களே,

ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை, இந்தச் சிறிய மாவட்டத்தில் உங்கள் வீடு எங்கே இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். ஊரில் உங்களை ‘ஏர்போர்ஸ்காரர்’ என்று அழைத்திருப்பார்கள். இப்போது பேரப்பிள்ளைகளுக்கு வெறும் ‘பாட்டா’ ஆகியிருப்பீர்கள். ஃபிட்டராகவோ, வயர்லெஸ் ஆபரேட்டராகவோ, வண்டி ஓட்டுபவராகவோ, தீயணைப்பவராகவோ, சமையற்கூடத்திலோ இருந்து போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்கள் நீங்கள். விமானிகளைப் பற்றி எழுதுவதற்கு ஆள் இருக்கிறது. நான் தரையில் நின்றவர்களுக்கு எழுதுகிறேன்.

நான் திங்கள்சந்தைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தி 2024-இல் ஓய்வு பெற்றேன். என் அப்பா உங்களில் ஒருவர். 1958-இல் படையில் சேர்ந்தார், ஆர்மமென்ட் ஃபிட்டர், அதாவது விமானத்தில் ஆயுதம் பூட்டுபவர். 2009-இல் காலமானார். அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே பதினைந்து ஆண்டுகள் நான் வகுப்பில் நின்று 1962 சீனப் போர், 1965, 1971 பாகிஸ்தான் போர்கள் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த மூன்று ஆண்டுகளிலும் சீருடையில் இருந்த மனிதர் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் உருப்படியாக ஒரு கேள்வி நான் கேட்டதில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கம்தான் இந்த மடலை எழுத வைக்கிறது.

அப்பா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். டிஸ்சார்ஜ் புத்தகம், இரண்டு புகைப்படங்கள், ஒரு துணி முடிச்சில் பதக்கங்கள். சமர் சேவா ஸ்டார் 1965, பஷ்சிமி ஸ்டார், சங்க்ராம் பதக்கம், சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டுப் பதக்கம். பஷ்சிமி ஸ்டார் என்றால் 1971-இல் மேற்கு எல்லையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது என்று புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் அப்பா போரில் எந்தத் திசையில் இருந்தார் என்பதை ஒரு வெண்கல நட்சத்திரம் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் எழுதிய கடிதங்கள் இல்லை. 1994-இல் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்து மட்டுப்பா (கான்கிரீட் கூரை) வீடு கட்டியபோது, செல்லரித்த காகிதங்கள் என்று ஒரு பெட்டி நிறைய முற்றத்தில் போட்டு எரித்தோம். எரித்தவர்களில் நானும் உண்டு.

பதினாறாம் நாள் சடங்குக்கு நாகர்கோவிலிலிருந்து அப்பாவோடு பணியாற்றிய ஒருவர் வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவி, புறப்படும்போது வாசற்படியில் நின்று என்னிடம் சொன்னார்: “திரும்பி வராத ஒரு விமானத்துக்காக உன் அப்பா இருட்டும்வரை ஏணியோடு நின்றார் மக்களே.” அவ்வளவுதான். பந்தியில் ஆள்கள் காத்திருந்தார்கள். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த ஒரு வாக்கியம் பதினைந்து ஆண்டுகள் எனக்குள் கிடந்தது. ஓய்வு பெற்ற மறுமாதம் அவரைத் தேடிப் போனேன். எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். நல்ல வேளையாக நினைவு கல்வெட்டுப்போல இருந்தது. மூன்று நாள் காலையில் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் அனுமதியோடு கைபேசியில் பதிவு செய்தேன். அவர் சொன்னதில் கொஞ்சத்தை இங்கே எழுதுகிறேன். உங்களிடம் நான் என்ன கேட்கிறேன் என்பது அதிலிருந்தே விளங்கும்.

1965 செப்டம்பர் 6. அவர் பதான்கோட்டில் இருந்தார், மிஸ்டியர் விமானங்களில் ஆயுதம் ஏற்றும் பிரிவில். வயது இருபது. அன்று சாயங்காலம் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தாழப் பறந்து வந்து தளத்தைத் தாக்கின. வெட்டவெளியில் நின்ற நம் விமானங்கள் பல தீப்பிடித்தன. இவ்வளவும் புத்தகங்களில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததை அவர் சொன்னார். டிரெஞ்சு என்னும் பதுங்குகுழிக்குள் குதித்தபோது அவர்மேல் இன்னொருவர் விழுந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடவுளைக் கூப்பிட்டார்கள், இவர் தமிழில், அவர் பஞ்சாபியில். அந்தப் பஞ்சாபிக்காரரின் கைக்கடிகாரம் இவர் காதோரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அத்தனை சத்தத்துக்கும் நடுவில் அந்தக் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டதாகச் சொல்கிறார். பிறகு எரியும் ரப்பர் நாற்றம். இன்றைக்கும் எங்காவது டயர் எரித்தால் அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. புகை ஒத்துக்கொள்ளாது என்று நினைத்திருக்கிறார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே தளத்தில் அவரும் என் அப்பாவும் ஒன்றாக இருந்தார்கள். அதற்குள் 1965 கற்றுக்கொடுத்த பாடத்தைப் படை படித்திருந்தது. விமானங்களை வரிசையாகத் திறந்த வெளியில் நிறுத்துவதில்லை. குண்டு தாங்கும் கொட்டில்கள், மேலே வலைகள். 1971 டிசம்பர் 3 மாலை பதான்கோட், அமிர்தசரஸ், ஸ்ரீநகர், அம்பாலா, ஆக்ரா, ஜோத்பூர் என்று பல தளங்கள்மீது தாக்குதல் வந்தபோது, தரையில் நின்ற விமானங்களுக்குப் பெரிய சேதம் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். “அந்தக் கொட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு 1965-இல் எரிந்த விமானங்கள்தான் ஞாபகம் வரும்” என்றார் அவர்.

அப்பா ஹண்டர் விமானங்களில் வேலை செய்தார். ஹண்டரின் வயிற்றில் நான்கு 30 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் உண்டு. துப்பாக்கிகளும் குண்டுகளும் சேர்ந்த அந்தக் கூட்டை அப்படியே கீழே இறக்கிவிட்டு, நிரப்பி வைத்த இன்னொரு கூட்டை ஏற்றிவிடலாம். தாக்கிவிட்டு வந்த விமானம் சீக்கிரம் மறுபடியும் கிளம்ப வேண்டும் அல்லவா? டிசம்பர் மாதத்துப் பஞ்சாப் குளிரில், விளக்குப் போட முடியாத இருட்டில், கையுறை போட்டால் சின்னத் திருகாணி அகப்படாது என்பதற்காக வெறுங்கையால் செய்திருக்கிறார்கள். இரும்பு தோலைப் பிடித்துக்கொள்ளுமாம். என் அப்பாவின் வலது கைப் பெருவிரல் நுனி மரத்திருந்தது. சின்ன வயதில் நான் அதைக் கிள்ளி விளையாடியிருக்கிறேன். வலிக்காது என்று சொல்லிச் சிரிப்பார்.

இனி அந்த ஏணி. நான்கு விமானங்கள் புறப்பட்டால் தரையில் இருப்பவர்கள் நான்கு என்று மனத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். முதலில் சத்தம் வரும். பிறகு புள்ளி. எண்ணுவார்கள். அன்று மூன்று வந்தது. நான்காவது விமானம் அப்பா ஆயுதம் பூட்டி அனுப்பியது. எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டிய நேரம் கடந்தது. வேறு தளத்தில் இறங்கியிருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அப்பா கொட்டில் வாசலில், விமானி இறங்குவதற்கான ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சக்கரத்துக்கு வைக்கும் கட்டைகள் காலடியில் கிடந்தன. போய்ச் சாப்பிடு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஏணியை எடுத்து உள்ளே வை என்றும் சொல்லவில்லை. இருட்டிய பிறகு அவராகவே எடுத்து வைத்தார்.

அப்பாவின் அந்த நாகர்கோவில் நண்பர் அடுத்துச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. “உன் அப்பாவுக்கு அந்தக் கையெழுத்து மனத்தில் கிடந்தது.”

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஒவ்வொரு விமானத்துக்கும் எஃப்-700 என்று ஒரு பதிவேடு உண்டு. எஞ்சின் பார்த்தவர், உடற்பகுதி பார்த்தவர், மின்சாரம் பார்த்தவர், கருவிகள் பார்த்தவர், ஆயுதம் பார்த்தவர், ஒவ்வொருவரும் தம் வேலை சரியாக முடிந்தது என்று அதில் கையெழுத்திட வேண்டும். எல்லாக் கையெழுத்தும் விழுந்த பிறகே விமானி தாமும் கையெழுத்திட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். திரும்பி வராத அந்த விமானத்தின் பதிவேட்டில் என் அப்பாவின் கையெழுத்து இருந்தது. எதிரியின் குண்டு பட்டதா, துப்பாக்கி சிக்கிக்கொண்டதா, தாம் பூட்டியதில் எங்காவது பிசகு இருந்ததா? அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவர்மேல் ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை என்பதையும் நண்பர் அழுத்திச் சொன்னார். ஆனால் அப்பா அந்த இரவு தூங்கவில்லை. அடுத்த நாள் காலை மறுபடி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டார்.

பள்ளியில் மதிப்பெண் அட்டை கொடுத்தால் கையெழுத்துப் போட அப்பா பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு வரியாகப் படிப்பார். கூட்டிப் பார்ப்பார். தேதியைச் சரிபார்ப்பார். பள்ளிக்கு நேரமாகிறது என்று நான் அழுதிருக்கிறேன். அம்மை எரிவாயு அடுப்பை அணைத்த பிறகும் இரவில் மூன்று முறை எழுந்துபோய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பார். இதையெல்லாம் அப்பாவின் குணம் என்று நினைத்திருந்தோம். அறுபது வயதில், நாகர்கோவிலில் ஒரு வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, அது குணம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

பெரியவர்களே, இதைக் கேட்கத்தான் வருகிறேன். இப்படி ஒன்று உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கும் என்று நம்புகிறேன்.

இதுவரை ஐந்து பேரிடம் பேசியிருக்கிறேன். ஐந்து பேரும் முதலில் சொன்னது ஒன்றேதான்: “நான் என்ன சண்டை போட்டேன்? ஸ்பேனர் பிடித்தேன்.” இந்தப் பேச்சை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தின்மீது ஆறு சேபர் விமானங்கள் வந்தன. ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே நிர்மல் ஜித் சிங் செகோன் தம் ‘நாட்’ விமானத்தில் எழும்பி, அத்தனை பேரையும் தனியாக எதிர்த்து உயிர் கொடுத்தார். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். அவர் பெயரைச் சொல்லும்போது என் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஆனால் அந்தக் காலை நேரத்தில் ஒரு ‘நாட்’ விமானம், எஞ்சின் முடுக்கினால் உடனே ஓடும்படி, துப்பாக்கியில் குண்டு நிரம்பி, தயாராக நின்றதே, அதை அப்படி நிறுத்தி வைத்தவர்கள் யார்? குண்டு விழும்போது அந்தப் பக்கத்தில் நின்றவர்கள் யார்? இந்தக் கேள்வியை வகுப்பில் நான் எழுப்பியதில்லை. எழுப்பியிருக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்குப் போர் புதிதல்ல. குளச்சலில் 1741-ஆம் ஆண்டுப் போருக்கு வெற்றித்தூண் நிற்கிறது. தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடமே பணிக்கு அமர்ந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய்க்கு உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். ராஜாவின் பெயர் தெரியும், தளபதியின் பெயர் தெரியும். அன்று குளச்சல் மணலில் நின்ற ஒரு சாதாரண வீரன் தன் வாயால் சொன்ன ஒரு வாக்கியம் என் கைக்குக் கிடைத்ததில்லை. அவனைக் கேட்க அன்று ஆள் இல்லை. உங்களைக் கேட்க நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பெரியம்மைமாரிடமும் ஒரு வார்த்தை. போர்க்கால நினைவு என்றால் அது ஆண்களுடைய சொத்து என்று நினைத்து, நான் பதிவு செய்ய வரும்போது நீங்கள் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறீர்கள். தயவுசெய்து போகாதீர்கள். என் அம்மைக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. 1971 டிசம்பரில் என்னையும் தம்பியையும் வைத்துக்கொண்டு மாமியார் வீட்டில் இருந்தாள். விவேகானந்தர் பாறையில் மண்டபம் திறந்த மறுவருடம் என்றுதான் அவள் கணக்கு வைத்திருக்கிறாள். சரியான கணக்குத்தான், மண்டபம் திறந்தது 1970 செப்டம்பர். அப்பாவின் கடிதங்களில் ஊர்ப்பெயர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. என்ற படை அஞ்சலக எண்தான் இருக்கும். கணவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாமலே, அந்த எண்ணுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அப்போது ரேடியோ இல்லை. சந்தையில் ஒரு கடையில் ஆகாசவாணிச் செய்தி போடுவார்கள். ஆண்கள் கூட்டமாக நிற்கும் இடத்தில் போய் நிற்கக் கூச்சப்பட்டு, கடைக்குப் பின்னால் வாழைத்தோட்டத்து வரப்பில் நின்று கேட்பாளாம். ‘நம் விமானங்களில் ஒன்று’ என்று செய்தியில் வந்தால் மீதிச் செய்தி காதில் விழாது என்றாள். பதினெட்டு நாள் கடிதம் இல்லை. வந்த கடிதத்தில் இங்கே நல்ல குளிர், மரச்சீனி (மரவள்ளி) பிடுங்கியாயிற்றா என்று இரண்டு வரி. அதை வைத்துக்கொண்டு அழுதாளாம். அந்த இரண்டு வரியையும் நாங்கள் 1994-இல் எரித்துவிட்டோம். அம்மை மனப்பாடமாகச் சொல்கிறாள்.

இன்னொன்றும் இளையவர்களுக்குத் தெரியாது. அந்தப் போர்கள் நடந்தபோது இந்த மாவட்டத்தில் ரயிலே கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979 ஏப்ரலில்தான். விடுமுறை முடிந்து போகிறவர் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி, ஆரல்வாய்மொழிக் காற்றைக் கடந்து திருநெல்வேலி போய், அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து தில்லி, அதற்கப்புறம் பஞ்சாப். பெட்டியில் ஒரு தகர டப்பா முந்திரிக்கொத்து. கடிக்கப் பல் நோகும் அந்த உருண்டை, கெட்டுப்போகாமல் அவ்வளவு தூரமும் தாங்கும். தளத்தில் அதைப் பத்துப் பேர் பங்கு போடுவார்கள் என்று நாகர்கோவில் பெரியவர் சொன்னார். திருச்சூர்க்காரரும் கொல்லத்துக்காரரும் கேட்டு வாங்கித் தின்பார்களாம். நம் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பையன்கள் மலையாளிகளோடு மலையாளமும், மதுரைக்காரரோடு தமிழும் பேசி, இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் பாலமாக இருந்திருக்கிறார்கள். இதெல்லாம் எந்தப் படை வரலாற்றில் வரும்?

உங்களில் சிலருக்கு வேறு ஒரு தயக்கம். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறோம், வெளியே சொல்லக் கூடாது என்கிறீர்கள். அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். சொல்லக் கூடாது என்று உங்கள் மனம் சொல்வதை விட்டுவிடுங்கள். அதை நான் தோண்ட மாட்டேன். ஆனால் நீங்கள் தொட்டு வேலை செய்த விமானங்கள் ஒவ்வொன்றாகப் படையை விட்டுப் போய்விட்டன. ஹண்டர் 2001-இல் போனது. கேன்பரா 2007-இல். 1963-இல் வந்து சேர்ந்த மிக்-21 கூட 2025 செப்டம்பரில் சண்டிகரில் விடைபெற்றுவிட்டது. அந்த விமானத்தின் அடியில் படுத்தபோது முகத்தில் எண்ணெய் சொட்டியதைச் சொன்னால் எந்த ரகசியமும் உடைந்துவிடாது. மெஸ்ஸில் அன்று என்ன போட்டார்கள், யாருடைய கட்டில் காலியானது, அந்தக் கட்டிலுக்கு அடுத்து யார் வந்தார் என்பவற்றையும் தாராளமாகச் சொல்லலாம்.

சொல்ல முடியாத நினைவுகளும் இருக்கின்றன. நான் சந்தித்த ஐவரில் ஒருவர் 1987-இல் இலங்கைக்குப் போனவர். அந்த வருடம் ஜூன் 4 அன்று ஐந்து ஏ.என்-32 விமானங்கள், மிராஜ் விமானங்கள் துணைவர, யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொட்டலங்கள் போட்டன. அன்று தம் படையைக் குறித்துத் தமக்கு இருந்த பெருமையை அவர் அரைமணி நேரம் சொன்னார். பிறகு அமைதிப்படையோடு பலாலி விமானத்தளத்துக்கு அனுப்பப்பட்டார். அதைப் பற்றிக் கேட்டேன். வெகுநேரம் முற்றத்துப் பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அங்கே தமிழில் கேட்டார்கள். நான் தமிழில் பதில் சொன்னேன். அதற்கு மேல் கேட்காதே மக்களே” என்றார். கேட்கவில்லை. பதிவு செய்யும் கருவியை அணைத்துவிட்டு, கூட உட்கார்ந்திருந்தேன். உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால் நான் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். மௌனத்தை உடைப்பது என் நோக்கமில்லை.

ஆனால் காலம் எனக்காகவும் உங்களுக்காகவும் காத்திருப்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1971-இல் பதினெட்டு வயதில் புதிதாகச் சேர்ந்தவருக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது. 1965-ஐப் பார்த்தவருக்கு எண்பதை ஒட்டிய வயது. 1962-இல், சண்டை விமானங்களைக் களத்தில் இறக்காத அந்தப் போரில், லடாக்குக்கும் வடகிழக்குக்கும் போக்குவரத்து விமானங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார்களே, சுஷூலுக்கு டாங்கிகளைக்கூட ஏ.என்-12 விமானத்தில் ஏற்றி இறக்கினார்களே, அந்தக் காலத்து மனிதர் ஒருவராவது இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டாரா என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குலசேகரம் பக்கத்தில் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நாள் தாமதமாகப் போயிருந்தேன்.

ஒவ்வொரு நவம்பரிலும் நீங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கிறீர்கள். கைரேகை எடுக்கிறார்கள், கண்ணைப் படம் பிடிக்கிறார்கள். உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்பது பென்ஷனுக்குத் தேவைதான். அதே வரிசையில், அதே நாற்காலியில், நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அரசு கேட்கும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. நம் மாவட்டத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, வரலாற்றுத் துறைகளும் இருக்கின்றன. அந்த மாணவர்கள் வந்தால் வரவேற்பேன். வராவிட்டாலும் நானும் என்னோடு ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியைகளும் வருவோம்.

உங்கள் பிள்ளைகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நாங்கள் வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே தொடங்கலாம். ‘போர் எப்படி இருந்தது’ என்று கேட்காதீர்கள் பிள்ளைகளே. அதற்குப் பதில் ‘நல்லபடியாக இருந்தது’ என்றுதான் வரும். டிஸ்சார்ஜ் புத்தகத்தை மடியில் கொடுங்கள். பழைய குழுப்படம் இருந்தால் ஒவ்வொரு முகமாகக் காட்டி, இவர் யார், எந்த ஊர், என்ன டிரேடு என்று கேளுங்கள். ஜாலஹள்ளியிலும் தாம்பரத்திலும் பயிற்சிக்காலத்தில் வாங்கிய தண்டனைகளிலிருந்து ஆரம்பித்தால் முகம் மலர்ந்துவிடும். காலையில் கஞ்சி குடித்த பிறகு அரைமணி நேரம் போதும். களைத்தால் நிறுத்திவிடுங்கள். இடையில் திருத்தாதீர்கள். “அது 1965 இல்லை அப்பா, 1971” என்று இடைமறித்த ஒரு மகனால் நான் ஒரு முழுக் காலையை இழந்திருக்கிறேன். பெரியவர் பேச்சை நிறுத்தியவர் அப்புறம் தொடரவே இல்லை. ஆண்டுகளைப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். அவர் எந்த மொழியில் பேசுகிறாரோ அந்த மொழியில் பேசட்டும். தமிழும் மலையாளமும் இந்தியும் கலந்து வந்தாலும் அப்படியே பதிவாகட்டும்.

பதிவு உங்கள் வீட்டில்தான் இருக்கும். ஒரு பிரதி எனக்குத் தர விருப்பமிருந்தால் தாருங்கள். சேர்த்து வைத்து, பிறர் வந்து கேட்கும்படி ஒரு நூலகத்தில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் பெயர் வேண்டாம் என்றால் பெயர் இருக்காது.

நீங்கள் பேசியதை நான் எழுத்தாக்கி, பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுவந்து தருவேன். நாகர்கோவில் பெரியவரிடமும் அப்படித்தான் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினொரு பக்கத்தையும் வரிவரியாகப் படித்தார். இரண்டு இடத்தில் திருத்தினார். ஒரு பெயரை அடிக்கச் சொன்னார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் பேனாவைக் கேட்டார்.

நீங்களும் அப்படியே படித்துப் பாருங்கள். சரியில்லாததை அடித்துவிடுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் காத்திருக்கிறேன். எல்லாம் சரி என்று பட்ட பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.

வணக்கத்துடன்,
ஓர் ஆர்மமென்ட் ஃபிட்டரின் மகள்,
திங்கள்சந்தை